மனவடு ஆறும் விதம்: யாழ்ப்பாணத்து மக்களிடம் நாம் படிக்கவேண்டிய பாடம்

கவ்வாத்து வெட்டும்போது கத்தி தவறிக் காலில் பட்டால் நாம் என்ன செய்கிறோம்? துணியைக் கிழித்துக் கட்டுகிறோம். கங்காணியிடம் சொல்லிவிட்டு டிஸ்பென்சரிக்குப் போகிறோம். ஊசி போட்டு, மருந்து கட்டி, நாலு நாள் வீட்டில் இருக்கிறோம். யாரும் அதைக் குறையாகப் பேசுவதில்லை. ஆனால் மனசில் வெட்டுப்பட்டால்? பெற்ற பிள்ளை செத்துப்போனாலும், கட்டின புருஷன் விட்டுவிட்டுப் போனாலும், மண்சரிவில் வீடுவாசல் போனாலும், "ஆனது ஆச்சு, மறந்திட்டு வேலயப் பாரு" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறோம். சொல்கிறவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். கேட்கிறவரோ அன்றோடு வாயை மூடிக்கொள்கிறார்.

அப்படி மூடிக்கொண்டவர் கொஞ்சக் காலம் போனதும், "நான் பழைய ஆளு இல்லீங்க" என்று சொல்லத் தொடங்குவார். சிரிப்பார், ஆனால் அது தன்னுடைய சிரிப்பு இல்லை என்று அவருக்கே தெரியும். பிள்ளையைத் தூக்குவார், கைதான் தூக்கும், மனசு எங்கேயோ இருக்கும். பெரிய வேதனைக்குப் பிறகு ஒரு மனிதர் தன்னுடைய சொந்த இயல்புக்கு எப்படித் திரும்பி வருகிறார்? இந்தப் பாடத்தில் நாம் எடுத்துக்கொண்ட விஷயம் அதுவே.

இதற்கு உதாரணம் தேடி வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். அவர்கள் கதை நமக்கு அந்நியமும் அல்ல. 1958, 1977, 1983 ஆகிய வருடங்களின் வன்செயல்களுக்குப் பிறகு நம் தோட்டங்களிலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ. அந்த யுத்தம் அவர்களையும் விடவில்லை. இதை வாசிக்கிறவர்களில் சிலருக்கு அண்ணனோ சின்னம்மாவோ இன்றும் அங்கே இருக்கக்கூடும்.

ஒக்டோபர் 30

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி. இராணுவம் யாழ் நகரை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். வலிகாமம் பகுதி மக்கள் உடனே வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒரே இரவில் இலட்சக்கணக்கான சனம் வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருவில் இறங்கியது. நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குப் போகவேண்டும். மழை வேறு. சைக்கிளில் மூட்டை, மூட்டைமேல் பிள்ளை, கையில் கிழவியைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி எடுத்துவைக்கவும் இடமில்லை. சில மைல் தூரத்தைக் கடக்க இரவு முழுக்கப் போயிற்று. வழியிலே இறந்த முதியவர்களும் உண்டு. பிறகு சாவகச்சேரியிலும் வடமராட்சியிலும் பள்ளிக்கூடங்களில், கோயில் மண்டபங்களில், மரத்தடிகளில் மாதக்கணக்கில் இருந்தார்கள். பலர் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்குப் போனார்கள்.

அதே திகதியில், ஐந்து வருடம் முந்தி, 1990 ஒக்டோபர் 30இல், யாழ் நகரத்து முஸ்லிம் மக்களுக்கு இரண்டே மணி நேரம் கொடுத்து அதே புலிகள் வெளியேற்றினார்கள் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். அவர்கள் பெரும்பாலும் புத்தளம் பக்கத்தில் வருடக்கணக்காக அகதிகளாக வாழ்ந்தார்கள். ஒருவர் வேதனையைச் சொல்லி மற்றவர் வேதனையை மறைப்பது நியாயமல்ல.

உடம்பு பேசிய பேச்சு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்தவர் தயா சோமசுந்தரம். யுத்த காலத்தில் அங்கேயே இருந்து வைத்தியம் பார்த்தவர். யுத்தம் தமிழ் மக்கள் மனசில் செய்த காயங்களைப் பற்றி 1998இல் ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூல் எழுதினார். "மனவடு" என்ற சொல் அங்கே வைத்தியர்களிடமிருந்து ஆசிரியர், சமூகசேவையாளர் வரை புழக்கத்துக்கு வந்ததில் அவருக்குப் பெரிய பங்குண்டு. நல்ல சொல் அது. காயம் அல்ல, வடு. ஆறின பிறகும் இருக்கும்; ஆனால் அதோடு நடக்கலாம்.

அங்கே ஆஸ்பத்திரிக்கு வந்த சனம் "எனக்கு மனக்கவலை" என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. "டொக்டர், ஒரே தலையிடி", "நெஞ்சு அடைக்குது", "உடம்பெல்லாம் உளைவு", "நித்திரை இல்லை" என்றுதான் வந்தார்கள். சோதித்துப் பார்த்தால் உடம்பில் ஒன்றும் இராது. மெதுவாகக் கதை கேட்டால்தான் மகனைப் பறிகொடுத்த கதை வரும். நம் டிஸ்பென்சரி வரிசையிலும் இதே நிலைதானே! மாதம் மூன்று தடவை "கை கால் கொடைச்சல்" என்று பனடோல் வாங்கிப்போகும் அம்மாவிடம் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

இன்னொன்றையும் அந்தப் பேராசிரியர் எழுதினார். யுத்தம் தனி ஆளை மட்டும் அல்ல, ஊரையே காயப்படுத்தியது. அயலவரை நம்பாமை, சந்தேகம், எதையும் வாய்விட்டுப் பேசாமல் இருத்தல், எல்லாவற்றுக்கும் யாரையாவது எதிர்பார்த்து நிற்றல் ஆகியவை முழுச் சமூகத்தின் குணமாகிவிட்டன. உயிர் தப்புவதற்காகப் பழகிய மௌனம் ஆபத்து போன பிறகும் போகவில்லை.

இந்த இடத்தில் டொனால்ட் வினிகொட் என்ற இங்கிலாந்து வைத்தியர் 1960இல் சொன்ன ஒரு கருத்து நமக்கு உதவும். மனிதருக்கு உள்ளே உண்மையான "நான்" ஒன்று இருக்கிறது. அதைக் காப்பாற்றுவதற்காக வெளியே ஒரு பொய்யான "நான்" வளர்கிறது என்றார் அவர். பெரும்பாலும் சிறு குழந்தைகளைக் கவனித்துச் சொன்னது. ஆனாலும் பெரியவர்களுக்கும் பொருந்தும் என்பது எங்கள் எண்ணம். வெளியே காட்டும் முகம் வெறும் நடிப்பு அல்ல, அது ஒரு காவல்காரன். ஆகவே "ஏன் இப்படி மரக்கட்டை மாதிரி இருக்கே?" என்று அவரை ஏசுவது காவல்காரனை இன்னும் பயமுறுத்துவதாகும். பயமில்லாத இடமும் பயமில்லாத ஆளும் கிடைத்தால் முகமூடி தானாகக் கழன்று வரும். ஜூடித் ஹேர்மன் என்ற அமெரிக்க வைத்தியர் 1992இல் எழுதிய நூலிலும் முதற்படி பாதுகாப்பு, இரண்டாவது நடந்ததை நினைத்து அழுது முடிப்பது, மூன்றாவது மனிதரோடு திரும்பச் சேர்வது என்ற வரிசையைக் காணலாம். முதற்படியைத் தாண்டாதவரிடம் போய், "என்ன நடந்தது, சொல்லு சொல்லு" என்று தோண்டுவது கூடாது.

அழுகைக்கும் ஒரு முறை உண்டு

யாழ்ப்பாணத்தில் சாவீட்டில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்லி அழுவார்கள். எட்டுச் செலவு செய்வார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசைக்கும், தாய் இல்லாதவர்கள் சித்திரா பௌர்ணமிக்கும் விரதம் இருப்பார்கள். கீரிமலையில் தீர்த்தமாடுவார்கள். நம்மிடம் பதினாறாம் நாள் கருமாதி இருக்கிற மாதிரித்தான். படித்த சிலர் இதையெல்லாம் வீண் செலவு என்பார்கள். கடன் வாங்கிச் சோறு போடுவது வீண் செலவுதான், அதை நாங்களும் சொல்வோம். ஆனால் அழுவதற்கு நாள் குறித்து, ஊரே கூடி நின்று அழ விட்டு, பிறகு "இனி எழும்பு" என்று கைகொடுத்துத் தூக்கிவிடும் முறையை எந்த வைத்தியரும் குறைவாக மதிப்பதில்லை.

யுத்தம் இந்த முறையையும் குலைத்தது. செல்லடிக்குள் பிணத்தை அவசரமாகப் புதைத்தவர்கள் உண்டு. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபின் கீரிமலைக்கு முன்போலப் போய்வர வருடக்கணக்காக முடியவில்லை. எல்லாவற்றையும்விடக் கொடுமை, காணாமற் போனவர்களின் நிலை. 1996இல், இராணுவம் குடாநாட்டைக் கைப்பற்றிய பிறகு, நூற்றுக்கணக்கானோர் அங்கே காணாமற் போனார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களைச் சற்று யோசித்துப் பாருங்கள். பொட்டு வைப்பதா, அழிப்பதா? தாலியைக் கழற்றினால் நானே அவரைக் கொன்ற மாதிரி ஆகாதா? திவசம் செய்வதா, அர்ச்சனை செய்வதா? "நான் யார்" என்ற கேள்விக்கே பதில் இல்லாமல் போகிறது. வெள்ளைச் சேலை கட்டினாலும் பேச்சு, பூ வைத்தாலும் பேச்சு.

போலின் பொஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர், வியட்நாம் யுத்தத்தில் காணாமற் போன படைவீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்து, இதைத் தெளிவில்லாத இழப்பு என்ற பொருளில் பெயரிட்டார். இந்தக் குடும்பங்களிடம் "அவர் செத்துட்டார், ஏத்துக்கோங்க" என்று நெருக்கக்கூடாது என்பது அவர் முடிவு. "ஒருவேளை வருவார், ஒருவேளை வரமாட்டார்" என்ற இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டு, அதே நேரம் பிள்ளையைப் படிக்கவைத்து, கோழி வளர்த்து, சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய் வாழலாம். அது துரோகம் ஆகாது. யாழ்ப்பாணத்துப் பெண்கள் பலர் இப்படித்தான் வாழ்கிறார்கள். தேடுவதையும் விடவில்லை, வாழ்வதையும் விடவில்லை.

இது நமக்கு மிக நெருங்கிய விஷயம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தபோது பலருடைய உடல் கிடைக்கவேயில்லை. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்ப் பேச்சுமூச்சு இல்லாத அக்கா, கொழும்புக் கடைக்குப் போய்த் திரும்பாத தம்பி உள்ள வீடுகள் நம் மத்தியிலும் உண்டு. அந்த வீட்டுக்காரர்களிடம் "இன்னுமா நெனச்சிக்கிட்டு இருக்கே?" என்று கேட்காதீர்கள்.

திரும்பி வந்த வீடு

1996 ஏப்ரலில் தென்மராட்சியும் இராணுவத்தின் கைக்கு வந்தபின் சனம் மெல்ல வலிகாமத்துக்குத் திரும்பியது. கூரை இல்லாத வீடு, கதவு நிலை போன வீடு, முற்றத்தில் ஆளுயரப் பற்றை. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, கிணற்றுத் தண்ணீர்தான் எல்லாம். மாதக்கணக்காகக் கிடந்த கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்யாமல் குடிக்க முடியாது. ஆகவே பற்றை வெட்டி, கிணறு இறைத்து, ஒரு மூலையில் அடுப்பு மூட்டித்தான் தொடங்க வேண்டியிருந்தது. பழைய வீடு திரும்பக் கிடைக்கவில்லை. பழைய ஆளும் திரும்பக் கிடைக்கவில்லை. இழந்தவரை இழந்தவராகவே, வடுவோடுதான் வாழ்ந்தார்கள். ஆனால் தோட்டம் செய்கிறவர் திரும்பவும் வெங்காயம் நட்டார். வாத்தியார் திரும்பவும் வகுப்பு எடுத்தார். "பழைய மாதிரி ஆயிடணும்" என்று காத்திருப்பவர்கள் நம்மில் பலர். இயல்புக்குத் திரும்புதல் என்றால் முன்பு இருந்த ஆளாக மாறுவது என்று அர்த்தமில்லை. நமக்குப் பிடித்த, நம் கைக்குத் தெரிந்த ஒரு காரியத்தை, நடந்ததை மறைக்காமல், திரும்பவும் நமது விருப்பத்தோடு செய்வதே அதன் தொடக்கம்.

சின்னக் காரியம் போதும். லயத்து வாசலில் முன்பு செவ்வந்தி வளர்த்தவர் மறுபடி ஒரு தொட்டி வைக்கட்டும். காமன்கூத்தில் தப்பு அடித்தவர் மறுபடி தப்பைக் கையில் எடுக்கட்டும். கசிப்புப் போத்தல் அந்த வேலையைச் செய்யாது. அது அரை மணி நேரம் மறக்க வைத்து, மறுநாள் இரண்டு மடங்காகத் திருப்பித் தரும்.

சோமசுந்தரமும் அவரோடு வேலை செய்தவர்களும் சொல்லிக்கொடுத்த ஒரு பயிற்சி மிகவும் எளிது. முதுகை நேராக வைத்து உட்கார்ந்து, மூச்சை மெதுவாக வயிறு நிறைய இழுத்து, அதைவிட மெதுவாக விடவேண்டும். கூடவே அவரவர் சமயத்துச் சொல் ஒன்றை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். சைவர் "ஓம்" என்பார், கத்தோலிக்கர் இயேசுவின் நாமத்தைச் சொல்வார், இஸ்லாமியர் திக்ர் செய்வார். பத்து நிமிஷம், தினமும் இரண்டு வேளை. நித்திரை வராதவர்களுக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் இது நல்லது. மூச்சை அடக்கி வைத்திருக்க வேண்டாம்.

எல்லாம் இதில் தீராது. இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, நித்திரை இல்லை, வேலைக்குப் போக முடியவில்லை, காதில் குரல் கேட்கிறது, செத்துப்போகலாம் என்று பேசுகிறார் என்றால் வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டும். மாத்திரை கொடுத்தால் அதைச் சொன்ன காலம்வரை சாப்பிட வேண்டும். அதில் வெட்கம் இல்லை. அப்படிப்பட்டவர் உள்ள வீட்டில் புல்லுக்கு அடிக்கும் மருந்து, பூச்சி மருந்து எதையும் வைக்காதீர்கள். 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் அளவில் தற்கொலை செய்தார்கள். கொடிய பூச்சி மருந்துகளைத் தடைசெய்த பிறகுதான் அந்தத் தொகை பெருமளவு குறைந்தது. கைக்கு எட்டாமல் வைத்தாலே ஒரு உயிர் தப்பும்.

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் போன் பண்ணலாம், தமிழிலும் பேசலாம். லயத்தில் சிக்னல் இல்லை, அல்லது பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று தயங்குகிறவர்கள் நலன்புரி அறைக்கு வந்து அங்கிருந்து பேசலாம். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். நாங்கள் வெளியே நிற்போம்.