பழைய ஜீப்பு வாங்கப் போகும் தம்பிக்கு



உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பதில் எழுத நான்கு நாள் ஆனதற்குக் காரணம் அதில் இருந்த ஒரு வரி. "சார், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி எங்கேயும் மாட்டாது இல்லையா? வேட்டைக்குப் போக ஒரு செகண்ட் ஹாண்ட் ஏ.டி.வி. அல்லது ஜீப்பு பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறாய். இரண்டே வாக்கியத்தில் இரண்டு தவறுகள். மூன்று வருடம் என் பட்டறை வகுப்பில் உட்கார்ந்தவன் நீ. என்ஜின் சத்தத்தைக் கேட்டு வால்வு இடைவெளி சொல்லத் தெரிந்தவனுக்கு கம்பிரஷன் பற்றியும் கிளட்ச் பற்றியும் நான் எழுத வேண்டியதில்லை. உனக்குத் தெரியாததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் வேட்டையை முடித்துவிடுவோம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வது மட்டுமல்ல. துரத்துவது, விரட்டி மடக்குவது, கண்ணி வைப்பது, இவற்றுக்கு முயல்வதுகூட வேட்டைதான். நம் பொட்டல்களில் ஓடும் முயலும் அந்தப் பாதுகாப்புக்குள் வருகிறது. இன்னொன்று, வண்டி வாங்குகிறவன் முக்கியமாகத் தெரிந்திருக்க வேண்டியது: குற்றத்துக்குப் பயன்பட்டுப் பறிமுதலாகும் வண்டி அரசின் சொத்தாகிவிடும் என்று அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவு சொல்கிறது. நீ சீட்டு எடுத்து, அம்மாவின் நகையை வைத்து வாங்கும் ஜீப்பு வனத்துறை அலுவலக வாசலில் மழையில் நனைந்து துருப்பிடிக்கும். அந்தச் சட்டம் வந்த புதிதில் உரிமம் பெற்று வேட்டையாட வழி இருந்தது. அப்போதும் மோட்டார் வண்டியிலிருந்து சுடக் கூடாது என்று அதிலேயே தடை போட்டிருந்தார்கள். 1991-இல் அந்த உரிம வழியையே எடுத்துவிட்டார்கள்.

"எங்கள் ஊரில் பாரிவேட்டை பரம்பரை வழக்கம்" என்றும் எழுதியிருக்கிறாய். பாரிவேட்டைக்குச் சாமி குதிரை வாகனத்தில் புறப்பட்டுப் போய், ஊர் எல்லையில் அம்பு போட்டுத் திரும்புகிறது. அந்தத் திருவிழாவுக்கு உன் ஜீப்பும் வேண்டாம், முயலின் உயிரும் வேண்டாம். கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்குகிறது என்றால் அது உண்மையான துன்பம். அதற்கு வனத்துறையிடம் மனுக் கொடு. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பன்றியைச் சுட 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு அனுமதித்ததும் பயிற்சி பெற்ற வனத்துறையினருக்குத்தான், உனக்கோ எனக்கோ அல்ல.

உன் வயதில் எனக்கும் துப்பாக்கிக் கதைகள்தான் பிடித்தன. பிறகு மா. கிருஷ்ணனைப் படித்தேன். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை இயற்கையைப் பற்றி எழுதி வந்தவர். தமிழிலும் எழுதினார். அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார். யானையின் தோல் மடிப்பை எண்ணிவிடலாம். ஒரு விலங்கை அவ்வளவு நேரம் பார்க்கப் பொறுமை உள்ளவனுக்கு அதைத் துரத்தத் தோன்றாது. அவருடைய கட்டுரைகளை நீ படித்தே ஆக வேண்டும். என்னிடம் இருக்கிற புத்தகத்தைத் தருகிறேன், அட்டையை மடக்காமல் திருப்பிக் கொடு.

ஏ.டி.வி. எனும் கரடுநில வண்டியையும் இத்தோடு விட்டுவிடு. டிராக்டர் வகையில் சான்று வாங்கிய மாடல் தவிர மற்றவற்றைப் பொதுச் சாலைக்குப் பதிவு செய்ய முடியாது. உன் வயலுக்கும் வீட்டுக்கும் நடுவே தார்ச்சாலை ஓடுகிறது. பழைய ஏ.டி.வி.க்கு ஒரு பேரிங் போனால் புதுக்கோட்டைக் கடைவீதியில் யாரிடம் கேட்பாய்? மகிந்திரா ஜீப்பு என்றால் கீழ ராஜவீதியில் கண்ணை மூடிக்கொண்டு சாமான் வாங்கலாம். 1940-களின் இறுதியில் மும்பையில் வில்லிஸ் ஜீப்பைக் கோர்க்கத் தொடங்கியவர்கள் மகிந்திராக்காரர்கள். அதே அமைப்பு பல பத்தாண்டு நம் ஊரில் ஓடியது. மாருதி ஜிப்சியும் நல்ல வண்டிதான், எடை குறைவு. ஆனால் உனக்கு உரமூட்டை ஏற்ற வேண்டும். ஜீப்பையே பார்.

இப்போது என்னை நான்கு நாள் தூங்கவிடாத அந்த வரிக்கு வருகிறேன். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி எங்கேயும் மாட்டாதா?

ஒரு கார்த்திகை மாதம், நண்பர் ஒருவரின் ஜீப்பில் அன்னவாசல் பக்கம் ஒரு கண்மாய்க்குள் இறங்கினோம். மேலே பார்க்க மண் காய்ந்து வெடித்திருந்தது. நடுவில் போனதும் ஓடு உடைந்து, உள்ளே வண்டல் கூழாக இருந்தது. ஃபோர் வீல் போட்டு, லோ கியர் போட்டு மிதித்தார். வலது முன் சக்கரம் சுற்றியது. இடது பின் சக்கரம் சுற்றியது. மற்ற இரண்டும் அசையவில்லை. நான் இறங்கி நின்று பார்த்த காட்சி இது. அச்சின் நடுவே உள்ள டிஃப்ரன்ஷியல், சுலபமாகச் சுற்றும் பக்கத்துக்கே சுழற்சியை விட்டுவிடும் என்று வகுப்பில் படித்தாய் அல்லவா? அது முன் அச்சிலும் உண்டு, பின் அச்சிலும் உண்டு. ஆகவே மூலைக்கு மூலையாக இரண்டு சக்கரம் பிடி இழந்தால், நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியும் நின்ற இடத்தில் நிற்கும். சேற்றில் சுற்றிய சக்கரங்களுக்கு அடியில் பனைமட்டை வெட்டிப் போட்டு வெளியே வந்தோம். அன்று எங்களைக் காப்பாற்றியது பனைமரம்.

ஆக, ஃபோர் வீல் என்பது எங்கேயும் போவதற்கான உரிமம் அல்ல. இரண்டு சக்கரத்தில் உள்ளே போய், மாட்டினால் நான்கில் வெளியே வருவதற்கு அது. இதை அறிந்தவன் ஓட்டிய வண்டி முப்பது வருடமானாலும் நன்றாக இருக்கும். அறியாதவன் ஓட்டியது மூன்று வருடத்தில் கெட்டிருக்கும். பழைய வண்டியில் நீ தேட வேண்டியது இந்த ஒன்றைத்தான்: முன்பு வைத்திருந்தவர் தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டினாரா?

தாரில் ஃபோர் வீல் ஏன் கூடாது என்று கேட்காதே, கணக்குப் போட்டுப் பார். ஒரு களத்தில் முளை அடித்துக் கயிறு கட்டு. சுண்ணாம்புத் தூளால் ஐந்து மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடு. ஜீப்பின் பின் அச்சின் நடுப்புள்ளி அந்தக் கோட்டில் வரும்படி திரும்புகிறது என்று வைத்துக்கொள். பழைய சி.ஜே. 3பி ஜீப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம், அதாவது 2.03 மீட்டர். பிதாகரஸ் தேற்றத்தைப் போடு. முன் அச்சின் நடுப்புள்ளி ஏறக்குறைய 5.4 மீட்டர் ஆரத்தில் போகும். ஒரு முழு வட்டத்துக்குப் பின் அச்சு 31.4 மீட்டர் போனால் முன் அச்சு 33.9 மீட்டர் போக வேண்டும். வித்தியாசம் இரண்டரை மீட்டர். அந்த ஜீப்பின் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டேகால் மீட்டர் உருளும். ஆக, ஒரு வட்டத்துக்குள் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட ஒரு முழுச் சுற்றுக்கு மேல் கூடுதலாகச் சுற்றியாக வேண்டும்.

இரண்டு சக்கர ஓட்டத்தில் முன் சக்கரம் தன் பாட்டுக்கு உருண்டு இந்தக் கணக்கை நேர் செய்துகொள்ளும். ஃபோர் வீல் போட்டதும் டிரான்ஸ்பர் கேஸ் முன் சாஃப்டையும் பின் சாஃப்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடுகிறது. நடுவில் டிஃப்ரன்ஷியல் கிடையாது. அந்த இரண்டரை மீட்டர் எங்கே போகும்? மணலிலும் சேற்றிலும் டயர் வழுக்கிச் சமாளிக்கும். தாரில் வழுக்காது. சாஃப்ட் முறுக்கேறும், கிராஸ் தேயும், கிரவுன் பல் விண்டுபோகும். ராடைத் திருப்பித் தள்ளினால் வராது. கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் ஃபோர் வீல் போட்டு வட்டமடித்துக் காட்டுகிற இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. அந்த வண்டியின் எலும்பு முறிவது அவர்கள் காதில் விழவே இல்லை.

இதே கணக்கு டயருக்கும் பொருந்தும். முன்னால் புது டயர், பின்னால் மொட்டை டயர் என்று வை. ஆரம் 36 சென்டிமீட்டரும் 35 சென்டிமீட்டருமாக இருந்தால், நேர்ச்சாலையிலேயே கிலோமீட்டருக்கு 28 மீட்டர் வித்தியாசம் வரும். அதனால் வண்டியைப் பார்க்கப் போனால் பானெட்டைத் திறக்காதே. முதலில் குனிந்து நான்கு டயரையும் பார். ஒரே அளவா, ஒரே தேய்மானமா? நான்கும் நான்கு கம்பெனியாக இருந்தால் அந்த வீட்டில் யாருக்கும் இது தெரியாது என்று அர்த்தம். விலை எவ்வளவு குறைத்தாலும் கும்பிட்டுவிட்டு வா.

டயர் தேறினால் மேலே போ. பின் சக்கரங்களுக்குக் கல் வை. முன்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கு. பூட்டு வைத்த ஹப் இருந்தால் இரண்டு பக்கமும் பூட்டிக்கொள். என்ஜினை நிறுத்தி, இரண்டு சக்கர நிலையில் தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்று. சுற்ற வேண்டும். பிறகு ஃபோர் வீல் போட்டுச் சுற்று. கொஞ்சம் ஆடி நின்றுவிட வேண்டும். அப்போதும் தாராளமாகச் சுற்றினால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது, அல்லது உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் ராடை மட்டும் நட்டு வைத்து 'ஃபோர் வீல்' என்று விற்ற வண்டியை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்து, இரண்டு கிரவுன் பெட்டியிலும் டிரான்ஸ்பர் கேஸிலும் ஆயில் பிளக்கைக் கழற்றச் சொல். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, வண்டி கண்மாயில் முழுகியிருக்கிறது. ஒரு காந்தத்தைத் தொட்டுப் பார். மாவு போல ஒட்டினால் அது வயதின் தேய்மானம். சில்லுகளாக ஒட்டினால் பல் போய்விட்டது. கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அதுவே உனக்குப் பதில்.

கோட்டைப்பட்டினம், மணமேல்குடி பக்கத்துக் கடலோர வண்டி என்றால் சேசிஸைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போ. கணீர் என்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்கும் இடத்தில் உப்பு தின்றிருக்கிறது. மேலே பெயின்ட் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி.

புரோக்கர் "டப்வாலி ஜீப்பு, மிலிட்டரி மாதிரி" என்று ஆசை காட்டுவார். ஹரியானாவின் மண்டி டப்வாலியில் இப்படிக் கோர்த்துக் கொடுப்பதே ஒரு தொழில். கோர்த்தது தவறில்லை, ஆர்.சி. புக்கில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் ஒன்றா என்பதே கேள்வி. சேசிஸ் எண்ணைப் பென்சில் தேய்த்து எடுத்து ஒப்பிடு. இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில் பிறகு இழுக்கும் முன் அச்சு ஏற்றியிருந்தால், என்ஜினை மாற்றியிருந்தால், அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். பதினைந்து வருடம் தாண்டியது என்றால் பதிவு புதுப்பித்த தேதியைப் பார். வெளிமாநில வண்டிக்கு அங்கிருந்து தடையில்லாச் சான்று இல்லாமல் இங்கே டி.என். 55 எண் கிடைக்காது.

இவ்வளவு சிரமத்துக்கு இந்த வண்டி தேவையா என்று நீயே கேட்கலாம். தேவைதான். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் கரையேறியதே, நினைவிருக்கிறதா? ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னையும் பலாவும் சாலைக்குக் குறுக்கே அடுக்கி வைத்தாற்போலக் கிடந்தன. அன்று ஒரு பழைய ஜீப்பு, லோ கியரில், சங்கிலி கட்டி மரத்தை ஓரமாக இழுத்ததை நான் பார்த்தேன். ஓட்டியவர் ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை. அந்த வில்லிஸ் காலத்து டிரான்ஸ்பர் கேஸில் லோ கியர் 2.46-க்கு ஒன்று. என்ஜின் மெதுவாக முனகியது, மரம் நகர்ந்தது. பின்னால் தண்ணீர்க் குடங்களோடு ஒரு சரக்கு ஆட்டோ காத்திருந்தது. அந்த ஜீப்பு யாரையும் துரத்தவில்லை. வழி திறந்து விட்டது.

அந்த வேலைக்கு ஒரு வண்டி வைத்துக்கொள். மழைக்காலத்தில் பால் கேனை ரோட்டுக்குக் கொண்டுவரட்டும், பிரசவ வலியில் இருப்பவளைச் சேறு தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்கட்டும். முன்பணம் கொடுக்கும் முன் வண்டியை ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கு எதிரே உள்ள களத்துக்குக் கொண்டுவரச் சொல். முளையும் கயிறும் சுண்ணாம்பும் நான் எடுத்து வைக்கிறேன். நீ ஒரு ஜாக்கியும் ஒரு காந்தமும் கொண்டு வா. வேட்டைக்கென்றால் வராதே.

அன்புடன்,
உன் வாத்தியார்