மீன் தொட்டிக்கு ஏற்ற அடிமணல்

அலங்கார மீன் வளர்ப்பு, குடும்பத்தினர் அனைவரும் சேர்ந்து செய்யத்தக்க உபதொழிலாகும். சென்னை கொளத்தூரில் பலருக்கு இதுவே பிழைப்பு. கண்ணாடித் தொட்டியில் நீர்ச்செடி நட்டு மீன் வளர்க்க விரும்புவோர், முதற்கண் அடிமணலைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். மணல் பொருந்தாவிடின் மீன்கள் மடியும். போட்ட முதலும் வீணாகும்.

அடிமணலின் பயன்

மணல், செடியின் வேருக்குப் பிடிப்பளிக்கிறது. அன்றியும், மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு தோன்றுகிறது. மணற்பரல்களின்மேல் வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் செடிகளுக்கு உரமாகிறது.

தக்கதும் தகாததும்

2 முதல் 3 மில்லிமீட்டர் பருமனுள்ள, முனை மழுங்கிய ஆற்றுமணல் சிறந்தது. கூரிய கல் உடைசல், தரையைக் கிளறி இரை தேடும் அயிரை, கெளுத்தி முதலிய மீன்களின் மீசையைப் புண்ணாக்கும். மிக நுண்ணிய மணலை ஆழமாகப் பரப்பினால் அடியில் பிராணவாயு புகாது. அழுகிய முட்டை நாற்றமுடைய நச்சு வாயு உண்டாகும். எரு கலந்த தோட்டமண் அம்மோனியாவைப் பெருக்கும். சிப்பி கலந்த கடல் மணலும் சலவைக்கல் துண்டுகளும் சுண்ணாம்பைக் கரைத்து நீரைக் கடினமாக்கும். கப்பியும் மோலியும் அதனைத் தாங்கும். நியான் டெட்ரா போன்றவை வருந்தும்.

எளிய சோதனை

ஒரு பிடி உலர்ந்த மணலைக் கிண்ணத்திலிட்டு அதன்மேல் காடியை ஊற்றுக. குமிழிகள் எழுந்தால் சுண்ணாம்பு உள்ளதென அறிந்து அதனை விலக்குக.

இடும் முறை

60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் 5 சென்டிமீட்டர் உயரம் பரப்ப 9 லிட்டர், அதாவது ஏறத்தாழ 14 கிலோ மணல் தேவை. சோப்பு சேர்க்காமல், நீர் தெளியும்வரை பன்முறை அலசுக. முன்புறம் தாழவும் பின்புறம் உயரவும் சரிவாகப் பரப்பிச் செடிகளை நடுக. வாலிஸ்னேரியாவின் குருத்து மணலுள் புதையலாகாது.

முதலில் இரண்டு மூன்று மீன்களை மட்டும் விட்டு, தீனியைக் குறைத்து, நான்கு முதல் ஆறு வாரங்களில் சிறிது சிறிதாக எண்ணிக்கையைப் பெருக்குக. தொட்டியைத் துப்புரவு செய்கையில் மணல் முழுவதையும் எடுத்துக் குளோரின் கலந்த நீரில் கழுவினால் நுண்ணுயிர்கள் அழியும். மீன்களுக்கு மீண்டும் ஆபத்து நேரும். மேற்படிந்த கசடை மட்டும் குழாயால் உறிஞ்சி நீக்குதலே முறை.