பாரத்திற்கு ஏற்ப சொக் அப்சோபரைச் சரிசெய்வோம்

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் மழையால் பதுளை மாவட்டத்தில் மீண்டும் பல இடங்களில் மண் சரிந்தது. இடம்பெயர்ந்த குடும்பம் தங்குவது ஓரிடமாகவும், அதன் மரக்கறிப் பாத்தி வேறிடமாகவும் இருந்தால், நாள்தோறும் கல்லும் குழியுமான தோட்டப் பாதையில் மோட்டார் சைக்கிளே துணை. காலையில் ஒருவர் தனியே போகிறார். மாலையில் மனைவியும் ஒரு மூட்டை கோவாவும் சேர்கின்றனர். பாரம் இரு மடங்காகிறது. பின்பக்கச் சொக் அப்சோபரோ வாங்கிய அன்று இருந்தபடியே இருக்கிறது. அதை நமது பாரத்திற்கு ஏற்பத் திருப்பி வைக்கும் முறையை இப்பாடத்தில் கற்போம்.

சொக் அப்சோபரின் இரு வேலைகள்

வெளியே உள்ள ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. உள்ளே உள்ள எண்ணெய், ஸ்பிரிங் துள்ளாமல் அடக்குகிறது. பாரம் கூடி ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கிவிட்டால், குழியில் விழும்போது மேலும் அமுங்க இடமில்லை. அடி முதுகெலும்பிலும் சட்டத்திலும் இறங்கும். பின்பக்கம் தாழ்வதால் முன்சக்கரத்தின் பிடியும் குறையும். இரவில் விளக்கு வெளிச்சம் பாதையை விட்டு மேலே போகும். மாறாக, தனியே போகும்போது ஸ்பிரிங் மிக இறுக்கமாக இருந்தால், சக்கரம் கல்லுக்குக் கல் துள்ளி, ஈரமண்ணில் வழுக்கும்.

அளந்து பார்ப்போம்

இதற்கு ஓர் அளவு நாடாவும் இன்னொருவர் உதவியும் போதும்.

1. சைக்கிளை டபிள் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரம் நிலத்தில் படாமல் பார்த்துக்கொள்க. சக்கரத்தின் நடு நட்டிலிருந்து நேர் மேலே சீற்றின் அடியில் ஓர் அடையாளமிட்டு அளக்க. 52 சென்ரிமீற்றர் என வைப்போம்.

2. ஸ்டாண்டை எடுத்து, வழக்கமான பாரத்தோடு ஏறி அமர்க. ஒருமுறை அமுக்கிவிட்டு, மீண்டும் அதே இடத்தில் அளக்கச் சொல்லுக. 48 என்றால், அமுங்கியது 4 சென்ரிமீற்றர்.

பின்சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய மொத்தத் தூரத்தில் கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்குவரை அமுங்குவது நல்லது. சாதாரணச் சிறிய சைக்கிளில் இத்தூரம் ஏறக்குறைய 8 முதல் 10 சென்ரிமீற்றர். ஆகவே 2½ முதல் 3 போதும். மலைப்பாதைக்கென்றே செய்த உயரமான சைக்கிளில் இத்தூரம் 20 சென்ரிமீற்றர் அளவில் இருந்தால், 5 முதல் 6½ வரை அமுங்கலாம்.

வளையத்தைத் திருப்புவோம்

இரட்டைச் சொக் அப்சோபர் உள்ள சைக்கிள்களில் ஸ்பிரிங்கின் ஒரு முனையில் படிப்படியாக வெட்டிய வளையம் உண்டு. அதற்குரிய சாவியால் ஒரு படி ஏற்றி, மீண்டும் அளக்க. இரு பக்கமும் ஒரே படியில் இருப்பது கட்டாயம்; இல்லாவிடில் சைக்கிள் ஆட்டம் காணும். தனியே போகும் நாளில் படியை இறக்கி வைக்க மறவாதீர்கள். முடிவில் செயினின் தொய்வையும் பார்த்துக்கொள்க.

வளையத்தால் தீராத குறைகள்

வளையம் சைக்கிளின் பின்பக்கத்தை உயர்த்துமே தவிர, ஸ்பிரிங்கிற்குப் புதிய பலம் தராது. கடைசிப் படியிலும் அதிகமாக அமுங்கினால், ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது பாரம் அளவுக்கு மிஞ்சியது. 50 கிலோ உர மூட்டையோடு இருவர் ஏறுவதிலும் இருமுறை போய்வருவதே மேல்.

சீற்றை அழுத்தி விட்டால், சைக்கிள் எழுந்து நின்றுவிட வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் உள்ளே எண்ணெய் இல்லை. முன்பக்கக் குழாயில் எண்ணெய் கசிந்தால் சீல் கிழிந்திருக்கிறது. அந்த எண்ணெய் பிரேக்கில் படலாம். அதைத் திருத்தாமல் ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்குவது உயிருக்கு ஆபத்து.

கலந்துரையாடுவோம்

1. நமது சைக்கிள் காலையிலும் மாலையிலும் எவ்வளவு பாரம் சுமக்கிறது?
2. ஒரு சாவியை ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து வாங்கி வைத்துக்கொள்ள முடியுமா?