சாய்ந்து நிற்கும் வண்டியின் கணக்கு

கேள்வி: செம்மண் முற்றத்தில் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தப்படும் மோட்டார் சைக்கிள், மழை நாட்களில் மட்டும் விடியும்போது விழுந்து கிடக்கிறது. ஸ்டாண்டை இருமுறை மாற்றியும் பலன் இல்லை. குறை வண்டியிலா, தரையிலா? நிறுத்துவதற்கென்று முறை ஏதேனும் உண்டா?
– வாசகர், திருப்புறம்

பதில்: குறை தரையில்தான் இருக்கிறது, ஸ்டாண்டை மூன்றாம் முறை மாற்றினாலும் வண்டி விழவே செய்யும். சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டி, இரண்டு சக்கரங்கள், ஸ்டாண்டின் பாதம் ஆகிய மூன்று இடங்களில் தரையைத் தொட்டு நிற்கிறது. எடையின் பெரும்பங்கைச் சக்கரங்களே சுமக்கின்றன என்றாலும், எஞ்சிய பங்கு முழுவதும் தீப்பெட்டி அளவேயான ஓர் இரும்புத் தகட்டின் வழியாக மண்ணுக்குள் இறங்குகிறது. நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்துச் செம்மண், வெட்டுக்கல்லாக வெட்டியெடுக்கப்படும் செம்பாறையோடு சேர்ந்து கிடைக்கும் களிச்சத்துள்ள மண். காய்ந்த நிலையில் கல்லாக இறுகியிருக்கும் அது, நீர் ஊறியதும் இளகிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் ஊரில் முற்றம் ஆண்டில் பாதி நாள் ஈரமாகவே கிடக்கிறது. மாலையில் உறுதியாக நின்ற வண்டி, இரவு மழையில் ஸ்டாண்டின் பாதம் அமிழ அமிழ இடப்பக்கம் மேலும் மேலும் சாய்ந்து, ஈர்ப்பு மையம், அதாவது எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கருதத்தக்க புள்ளி, அந்த மூன்று இடங்களும் சேர்ந்து அமைக்கும் முக்கோணத்தின் எல்லையைத் தாண்டியவுடன் விழுந்துவிடுகிறது. பாதத்தின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டைக் கல்லோ கனமான பலகைத் துண்டோ வைத்தால் பாரம் பரந்துவிடும். கூரை ஓட்டுத் துண்டை வைப்பவர்களும் உண்டு, ஆனால் ஓடு பாரத்தில் பிளந்துவிடும் என்பதால் அது வீண் வேலை. வெயில் காலத்து நண்பகலில் இளகிய தார்ச்சாலையும் இதே வேலையைச் செய்யும் என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை.

தரையின் மென்மையைப் போலவே அதன் சாய்வும் கருதத்தக்கது. மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதி சற்று உயர்ந்தும் இரு ஓரங்களும் தாழ்ந்தும் அமைக்கப்படுகின்றன. இந்தியாவில் வாகனங்கள் இடப்பக்கம் செல்வதாலும் சைடு ஸ்டாண்டு வண்டியின் இடப்பக்கமே அமைந்திருப்பதாலும், இட ஓரத்தில் முறையாக நிறுத்தப்பட்ட வண்டி தாழ்ந்த பக்கமாகச் சாய்ந்து நன்றாக அமர்கிறது. அதே வண்டியைத் திருப்பாமல், எதிர்ப்பக்கக் கடைக்காக வல ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினால், ஸ்டாண்டு உயர்ந்த பக்கத்தில் ஊன்றுகிறது. வண்டி ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கிறது. கடந்துபோகும் ஒருவரின் பை உரசினாலும் அது வலப்பக்க ஓடையில் சரிந்துவிடும். களியக்காவிளை, பாறசாலைச் சந்திகளில் சாலைக்குக் குறுக்காக, பின்சக்கரம் ஓரத்தை நோக்கவும் முன்சக்கரம் சாலையை நோக்கவும் வண்டிகளை அடுக்கும் பழக்கம் இவ்வகையில் நல்லது. முன்பக்கம் மேடாக இருப்பதோடு, புறப்படும்போது ஓட்டுபவர் போக்குவரத்தை எதிரே கண்டுகொண்டே வெளிவரவும் முடிகிறது. ஆனால் இவ்வழியே செல்லும் 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் வளைவுகளிலும் பாலங்களின் மேலும் வண்டியை நிறுத்துவது எந்த முறையிலும் தகாது. பிறருக்கு ஆபத்தோ இடையூறோ உண்டாகும்படி பொதுவிடத்தில் வண்டியை விட்டுச்செல்வதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு தடுக்கிறது.

இறக்கத்தில் நிறுத்த நேர்ந்தால் முன்சக்கரம் மேட்டை நோக்கியே இருக்க வேண்டும். ஸ்டாண்டு முன்னோக்கி விரியும்படி அமைந்திருப்பதால், வண்டி முன்னால் உருளும்போது அது பின்னோக்கி மடங்கிவிடும் என்பதே இதற்குக் காரணம். கியர் உள்ள வண்டியை நிறுத்தியபின் முதல் கியரில் போட்டுவைத்தால், பின்சக்கரம் எஞ்சினோடு பிணைக்கப்பட்டு, பிஸ்டனின் எதிர்ப்பே பிரேக்காகிவிடும். ஸ்கூட்டரில் இந்த உபாயம் பலிக்காது. அதில் இருப்பது மையவிலக்குக் கிளட்ச், அதாவது எஞ்சின் வேகமெடுத்த பிறகே சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும் கிளட்ச். எஞ்சின் நின்றவுடன் சக்கரம் கட்டற்றதாகிவிடுகிறது. ஆகவே ஸ்கூட்டருக்கு, பின் பிரேக்கைப் பூட்டிவைக்கும் கொக்கி இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும், இல்லையேல் சமதளம் தேடி சென்டர் ஸ்டாண்டு போட வேண்டும்.

தென்னையின் அடியில் நிறுத்துவதைப் பற்றி வாசகர் கேட்கவில்லை. ஆயினும் தென்னை விளைகளுக்கு நடுவே வீடுகள் அமைந்த ஊரில் அதைச் சொல்லாமல் விட முடியாது. நிழலுக்காகத் தேர்ந்தெடுக்கப்படும் அந்த இடத்தில் தேங்காய் மட்டுமன்றி, காய்ந்த மட்டையும் நல்ல பாரத்துடன் விழும். பெட்ரோல் டேங்கு நசுங்குவதும் கண்ணாடி உடைவதும் பெரும்பாலும் மட்டையாலேயே. கீழேயும் பார்க்க வேண்டும்: ஓடிவந்த வண்டியின் சைலன்சர் காய்ந்த சருகையோ குவித்துவைத்த கதம்பை எனப்படும் தேங்காய் உரிமட்டையையோ பற்றவைக்கும் அளவுக்குச் சூடாக இருக்கக்கூடும்.

கேள்வி: காலையில் வண்டியைக் கிளப்பும்போது கவனிக்க வேண்டியவை யாவை? பழைய புல்லட்டுக்கும் இன்றைய வண்டிகளுக்கும் முறை ஒன்றுதானா?
– வாசகர், செங்கல்

பதில்: முறை ஒன்றல்ல. 1955-இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் தயாரித்த புல்லட், பல பத்தாண்டுகள் ஓட்டுபவரின் காலையும் காதையும் பழக்கிய வண்டி. அதன் கிக்கரை முதலில் மெல்ல மிதித்து, கால் உறுதியான எதிர்ப்பை உணர்ந்து, அம்மீட்டர் எனப்படும் மின்னோட்டமானியின் முள் நடுவுக்கு வந்தபின், எஞ்சினுக்குள் அழுத்தப்பட்ட வாயுவை வெளிவிடும் டீகம்ப்ரஷன் நெம்புகோலைப் பிடித்துக் கிக்கரைச் சற்றே தாண்டவைத்து, அதன்பிறகே முழு மிதி மிதிக்க வேண்டும். இந்த வரிசை தவறினால், பிஸ்டன் உச்சியை எட்டுமுன் தீப்பொறி விழுந்து எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும். கணுக்காலையும் முழங்காலையும் பதம்பார்க்கும் அந்த உதைக்கு அஞ்சி புல்லட்டைக் கைவிட்டவர்கள் குமரி மாவட்டத்திலும் நெய்யாற்றின்கரைப் பக்கத்திலும் குறைவல்லர்.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 மாசுக்கட்டுப்பாட்டு நெறி நடைமுறைக்கு வந்தபின், பெரும்பாலான புதிய வண்டிகளில் கார்புரேட்டரின் இடத்தைப் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் அமைப்பு பிடித்துக்கொண்டது. இவற்றில் சாவியைத் திருப்பியதும் எரிபொருள் பம்பு இரண்டொரு விநாடி மெல்லிய ஒலியெழுப்பி அடங்கும். அது அடங்கியபின், ஆக்சிலேட்டரைத் தொடாமல், கிளட்சைப் பிடித்து, நியூட்ரல் விளக்கைப் பார்த்துப் பொத்தானை அழுத்துவதே போதும். ஐந்து விநாடிக்குள் எஞ்சின் பிடிக்காவிட்டால் விட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்து மீண்டும் அழுத்த வேண்டும். தொடர்ந்து அழுத்துவது பேட்டரியைத்தான் தீர்க்கும். அரை நிமிடத்துக்கு மேல் நின்ற இடத்திலேயே உறுமவைப்பதும் தேவையற்றது. தகரம் வேய்ந்த மூடிய கொட்டகைக்குள் அவ்வாறு செய்வது உயிருக்கே ஆபத்து, ஏனெனில் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற வாயு. மூச்சில் கலந்தது தெரியுமுன்னரே மயக்கம் வந்துவிடும்.

சாவியைத் திருப்புவதற்கு முன்பே பார்க்க வேண்டியவையும் உண்டு. மழைக்காலத்தில் தலைக்கவசத்தையும் கையுறையையும் உதறிப்பார்ப்பது வெறும் அச்சமல்ல. 2020 பிப்ரவரியில் எர்ணாகுளம் மாவட்டத்தில் ஆசிரியர் ஒருவர், தலைக்கவசத்துக்குள் நச்சுப்பாம்பு இருப்பதை அறியாமல் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் ஓட்டிச்சென்றது செய்தியாயிற்று. சென்டர் ஸ்டாண்டில் வண்டியை ஓடவிட்டு, கியரில் சுழலும் செயினைத் துணியால் துடைக்கும் வழக்கமோ பாம்பைவிடக் கொடியது. துணி சிக்கினால் விரல் பல்சக்கரத்துக்குள் போய்விடும். பூவார்க் கடற்காற்றில் துருவேறும் செயினுக்கு எண்ணெய் இடுவது அவசியமே. எஞ்சினை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுழற்றி இட வேண்டும்.

இறுதியாகச் சைடு ஸ்டாண்டு. மடக்க மறந்த ஸ்டாண்டு நேராக ஓடும்வரை தொல்லை தராது. இடப்பக்கம் திரும்ப வண்டி சாயும்போதுதான் அது தரையில் ஊன்றி, நெம்புகோல் போலப் பின்சக்கரத்தைத் தூக்கி எறிகிறது. புதிய வண்டிகள் பலவற்றில் ஸ்டாண்டு விரிந்திருந்தால் எஞ்சின் கிளம்பாது. அவ்வசதி இல்லாத வண்டிகளைக் காப்பது எதிரே வருபவர்களின் கூவல்தான்; தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் இந்த எல்லையில் ‘ஸ்டாண்டு, ஸ்டாண்டு’ என்னும் அந்தக் கூவலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்பட்டதில்லை.

கேள்வி: கேட்டைத் திறப்பதற்காக ஸ்கூட்டரின் எஞ்சினை நிறுத்தாமல் இறங்கும்போது, முன்னால் நிற்கும் குழந்தையை அப்படியே விடலாமா?
– வாசகர், பாறசாலை

பதில்: விடக்கூடாது. கைப்பிடியைத் திருகினால் ஓடும் பொருள் என்பதைக் குழந்தை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருக்கிறது. எஞ்சின் ஓடும் ஸ்கூட்டரில் கிளட்சும் கியரும் குறுக்கே நில்லாததால், அச்சிறு கை திருகிய கணமே வண்டி பாய்ந்துவிடும். மின்சார ஸ்கூட்டரில் ஆபத்து இன்னும் மறைவானது, ஏனெனில் ஓடத் தயாராக இருப்பதற்கு ஓசை எதுவும் இல்லை. திரையில் எரியும் ஒரு சிறு குறியே அடையாளம். ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்றவர் இல்லாதபோது, எஞ்சினை நிறுத்திப் பிரேக்கைப் போடாமலோ, தற்செயலாக வண்டி நகராதபடி வேறு ஏற்பாடு செய்யாமலோ அதைப் பொதுவிடத்தில் விடக்கூடாது என்று மேற்குறித்த சட்டத்தின் 126-ஆம் பிரிவு கூறுகிறது; வீட்டு வாசலும் பெரும்பாலும் ஊர்ச்சாலைதான். எஞ்சினை நிறுத்துவது, சாவியை எடுப்பது, குழந்தையை இறக்குவது, அதன்பின் கேட்டைத் திறப்பது என்ற வரிசைக்குக் கால் நிமிடம்கூடத் தேவைப்படாது; சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டைத் தள்ளலாம்.