ஜெய்சல்மேர் மணலில் ஒரு பகல், ஒரு இரவு: கிளம்புமுன் சில குறிப்புகள்

1. இரவில் நட்சத்திரம் பார்க்க வேண்டுமென்றால், கூடாரம் புக் செய்வதற்கு முன் தினசரி காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று பாருங்கள். முதல் தடவை நாங்கள் பிள்ளைகளின் விடுமுறையை மட்டும் பார்த்துவிட்டுப் போனோம். பௌர்ணமிக்கு முந்தின நாள்! மணல் பால்போல மின்னியது. நட்சத்திரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அமாவாசையை ஒட்டி நாலைந்து நாள் உத்தமம். அது அமையாவிட்டால் பௌர்ணமி கழிந்து ஐந்தாறு நாள் விட்டுப் போங்கள். நிலா ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிப்பதால், முன்னிரவு இருட்டாகவே இருக்கும். தை அல்லது மாசிப் பௌர்ணமியை ஒட்டி அங்கே நடக்கும் பாலைவனத் திருவிழா கண்ணுக்கு விருந்துதான். நட்சத்திரம் பார்க்க மட்டும் அதை நம்பிப் போகாதீர்கள்.

2. நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் சுகம். டிசம்பர், ஜனவரியில் அங்கே சூரியன் உதிக்க ஏழரை ஆகிவிடும். நம் வழக்கப்படி ஐந்தரைக்கு எழுந்து எல்லாரையும் விரட்டினால் கும்மிருட்டில்தான் நிற்பீர்கள். அதுவும் ஒரு வகையில் நல்லதே, எட்டாவது குறிப்பைப் பாருங்கள்.

3. பகலில் முதலில் கோட்டை. 1156-இல் ராவல் ஜெய்சல் எழுப்பியது. மஞ்சள் மணற்கல், உள்ளே இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. சந்துகளில் துணி காயும், பசு மறிக்கும். ஆகவே வழுக்காத செருப்பு அவசியம். பிறகு பட்வா ஹவேலி, கடிசர் ஏரி. குல்தரா என்ற பாழடைந்த கிராமம் சம் மணல்மேட்டுக்குப் போகும் பக்கமே இருக்கிறது. அரை மணி போதும், பேய்க்கதைக்குக் கூடுதல் நேரம் தர வேண்டாம். தொலைவில் எல்லையோரம் இருக்கும் தனோட், லோங்கேவாலா இரண்டையும் இதே நாளில் திணித்தால் இரவில் வானத்தைப் பார்க்காமல் தூங்கிவிடுவீர்கள்.

4. சாப்பாட்டில் கேர் சாங்க்ரி கேளுங்கள். சாங்க்ரி என்பது கேஜ்ரி மரத்தின் காய். நம்மூர்க் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கிறதே வன்னி, அதே மரம்தான்! உலர்த்தி, ஊறவைத்து, எண்ணெயும் காரமுமாக வதக்குகிறார்கள். கம்பு ரொட்டிக்கு நல்ல ஜோடி. குழந்தைகளுக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது. பருப்புப்பொடி கையில் இருக்கட்டும்.

5. தேங்காயெண்ணெய் பாட்டிலை நம்பாதீர்கள். இரவுக் குளிரில் கல்லாக உறைந்துவிடும். ஸ்பூனின் பின்பக்கத்தை விட்டுக் குடைந்து குடைந்து, உதட்டுக்குத் தடவ ஒரு சுரண்டல்தான் எனக்குக் கிடைத்தது. வாய் அகன்ற டப்பாவில் ஊற்றிக்கொண்டு போங்கள், இல்லையேல் வாசலின் போதும்.

6. சம் மணல்மேடு ஊரிலிருந்து சுமார் 40 கி.மீ. நாலரைக்குள் போய்ச் சேர்ந்தால் அஸ்தமனம் கிடைக்கும். ஒட்டகம் பின்னங்காலைத்தான் முதலில் நிமிர்த்தும். அப்படியே முன்னால் சரிவோம். அது எழும்போதும் உட்காரும்போதும் பின்னால் சாய்ந்து பிடித்துக்கொள்ளுங்கள். போனை ஜிப் பையில் போட்டுவிடுங்கள். மணல் ஒட்டிய கைகால்களைத் துடைக்கத் துண்டு எடுத்தால் எரியும். பவுடரைத் தூவித் தேயுங்கள், உதிர்ந்துவிடும்.

7. முகாம்களில் டிஜே பாட்டும் அலங்கார விளக்கும் பத்து மணி வரை ஓயாது. புக் செய்யும்போதே ஓரத்துக் கூடாரம் கேளுங்கள். விளக்கை எப்போது அணைப்பார்கள் என்றும் கேளுங்கள். வானம் முழுதாக இருட்ட ஏழரை ஆகும். கண் இருட்டுக்குப் பழக இன்னும் 20, 30 நிமிடம் வேண்டும். இடையில் ஒருவர் போனைத் திறந்தால் எல்லாருக்கும் ஆரம்பத்திலிருந்து கணக்கு! டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக ரப்பர்பேண்டு போட்டுக் கட்டிவிடுங்கள். சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. பழைய போர்வையை விரித்து மல்லாந்து படுங்கள், கழுத்து வலிக்காது. பவர்பேங்கைப் போர்வைக்குள் வையுங்கள், குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும்.

8. என்ன பார்ப்பது? ஜனவரி நடுவில் இரவு ஒன்பது மணிக்குக் கார்த்திகைக் கொத்து ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் இருக்கும். அதன் கிழக்கே சிவந்த ரோகிணி, இன்னும் கீழே திருவாதிரை. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. துருவ நட்சத்திரம் சென்னையில் அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே. இங்கே இரண்டரை முஷ்டிக்கும் மேலே. நம்ம அகத்தியர் நட்சத்திரம் நேர்மாறு: சென்னையில் உயரத்தில் நிற்பவர், இங்கே பதினொன்றரை மணி வாக்கில் தெற்கே ஒரு முஷ்டி உயரத்துக்கு மட்டும் எழுந்து, திரும்ப இறங்கிவிடுவார். மறைக்க மரமோ கட்டிடமோ இல்லாத தென்பக்க மேட்டைப் பகலிலேயே பார்த்து வையுங்கள். விடியற்காலை ஐந்தரைக்கு வடக்கே சப்தரிஷி மண்டலம் உயர நிற்கும். கல்யாணத்தில் பட்டப்பகலில் காட்டிய அருந்ததியை, வசிஷ்டரோடு ஒட்டிக்கொண்டு நிற்பதை, அன்றைக்குத்தான் நான் உண்மையிலேயே பார்த்தேன். என் வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன்; “சரி, தெரியுது” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

9. திரும்பியதும் துணிகளை நேராக வாஷிங்மெஷினில் போடாதீர்கள். மாடியில் காயவைத்து, பாக்கெட்டை வெளியே இழுத்து உதறுங்கள். காய்ந்த மணல் கொட்டிவிடும், நனைந்தால் தையலில் தங்கிவிடும்.