சைட்மேப் கொடுத்தால் கடை கூகுளில் வந்துவிடுமா?

இணையத்தில் கடை போட்ட பலரின் புலம்பல் இது: "கடை திறந்து மாசம் ஒண்ணாச்சு. கூகுள்ல தேடினா நம்ம சேலை ஒண்ணுகூட வரலை." உடனே பக்கத்தில் இருப்பவர், "சைட்மேப் சப்மிட் பண்ணலையா?" என்பார். அதைச் செய்து தருகிறேன் என்று ஒருவர் பணம் வாங்கிக்கொள்வார். அதன் பிறகும் சேலை வராது. சைட்மேப் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைக் கூகுளே தன் உதவிப் பக்கங்களில் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் சிறு வியாபாரிகளிடம் இதைச் சொல்லிப் பணம் பறிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சைட்மேப் என்பது ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. நம் கடையில் இருக்கும் பக்கங்களின் முகவரிகளும், ஒவ்வொரு பக்கமும் கடைசியாக மாறிய தேதியும் அதில் வரிசையாக இருக்கும். கூகுள் 2005-இல் இதைக் கொண்டுவந்தது. 2006-இல் யாகூவும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்துகொள்ள, எல்லோருக்கும் பொதுவான முறையாயிற்று.

நம்பிக்கை: சைட்மேப் தயாரிக்க ஆள் வைக்க வேண்டும்

பெரும்பாலான கடைகளுக்கு வேண்டியதில்லை. ஷாப்பிஃபையில் கடை வைத்திருந்தால் சைட்மேப் தானாகவே உருவாகி, பொருள் சேர்க்கச் சேர்க்கத் தானாகவே மாறும். வூகாமர்ஸ் கடை வேர்ட்பிரஸின் மேல் ஓடுவது. 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸிலேயே சைட்மேப் உண்டு. யோஸ்ட் போன்ற பிளக்இன் போட்டிருந்தால் அது தன்னுடைய சைட்மேப்பைத் தரும்.

சமர்ப்பிப்பதும் எளிதுதான். கூகுள் சர்ச் கன்சோலில் உங்கள் டொமைனைச் சேர்த்து, டொமைன் வாங்கிய இடத்தில் ஒரு டிஎன்எஸ் வரியை ஒட்டி, கடை உங்களுடையது என்று நிரூபியுங்கள். பிறகு சைட்மேப் பகுதிக்குப் போய்க் கோப்பின் முகவரியைத் தட்டி அனுப்புங்கள். தேடுபொறிகள் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பிலும் (robots.txt) அந்த முகவரியை ஒரு வரியாக எழுதிவைத்தால் பிங் போன்ற மற்ற தேடுபொறிகளும் பார்த்துக்கொள்ளும். இதற்கெல்லாம் கட்டணம் எதுவும் கிடையாது.

சிக்கல் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும். ஷாப்பிஃபை கடைக்குத் தொடக்கத்தில் போட்ட கடவுச்சொல் பூட்டை எடுக்காமலே விட்டிருப்பார்கள். வேர்ட்பிரஸில், கடையைக் கட்டும்போது "தேடுபொறிகள் வர வேண்டாம்" என்று போட்ட டிக் அப்படியே இருக்கும். அந்த டிக் இருக்கும்வரை வேர்ட்பிரஸின் சொந்த சைட்மேப்பே வேலை செய்யாது. செட்டிங்ஸில் ரீடிங் பக்கத்தைத் திறந்து முதலில் அதைப் பாருங்கள்.

நம்பிக்கை: சப்மிட் செய்துவிட்டால் எல்லாப் பக்கமும் வந்துவிடும்

சைட்மேப் ஒரு அழைப்பிதழ் போல. பத்திரிகை வைப்பது நம் வேலை; வருவதும் வராததும் அழைக்கப்பட்டவர் விருப்பம். சர்ச் கன்சோலில் பச்சை நிறத்தில் "வெற்றி" என்று வந்தால், கோப்பைப் படிக்க முடிந்தது என்று மட்டுமே பொருள். பக்கங்களைத் தன் தேடல் பட்டியலான இண்டெக்ஸில் சேர்த்ததாக அதற்கு அர்த்தமில்லை. முதல் பக்கத்தில் காட்டுவதாகவும் இல்லை. தரவரிசைக்கும் சைட்மேப்புக்கும் தொடர்பே கிடையாது.

பார்க்க வேண்டியது பக்கங்களின் இண்டெக்ஸ் அறிக்கை. அதில் இரண்டு நிலைகளை வேறுபடுத்திப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒன்று, "கண்டறியப்பட்டது, இன்னும் இண்டெக்ஸ் ஆகவில்லை". முகவரி தெரியும், கூகுள் இன்னும் வந்து படிக்கவில்லை. புதுக் கடைக்கு இது இயல்பு, பொறுத்திருக்கலாம். மற்றது, "படிக்கப்பட்டது, இண்டெக்ஸ் ஆகவில்லை". வந்து படித்துப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டது. இரண்டாவது வகை நிறைய இருந்தால் சைட்மேப்பை நூறு முறை அனுப்பினாலும் பயனில்லை.

அந்தப் பக்கங்களில் ஒன்றைத் திறந்து பாருங்கள். மொத்த வியாபாரி அனுப்பிய நாலு வரி வர்ணனை, அதுவும் பக்கத்துக் கடையில் இருக்கும் அதே நாலு வரி, எல்லாச் சேலைக்கும் ஒட்டப்பட்டிருக்கும். சேலை எத்தனை மீட்டர், பார்டர் எவ்வளவு அகலம், ரவிக்கைத் துணி சேர்ந்ததா, சாயம் போகுமா, எந்த ஊர்த் தறி என்று எழுதுங்கள். கடையில் நேரில் வரும் பெண்கள் கேட்கும் கேள்விகள்தான் இவை. பதில் உங்களுக்குத் தெரியும், பக்கத்தில்தான் இல்லை.

நம்பிக்கை: முகவரி எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது

கடைக்காரர்களுக்கு அதிகம் கெடுதல் செய்வது இந்த எண்ணம்தான். பருத்திச் சேலை என்று ஒரு பிரிவு இருக்கிறது. வாடிக்கையாளர் வசதிக்காக 8 நிறம், 5 விலை அடுக்கு, 4 வகை வரிசை என்று ஃபில்டர் வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு முகவரி உருவானால் 160. உள்ளே இருப்பதோ அதே முப்பது சேலைகள். இப்படிப் பத்துப் பிரிவு இருந்தால் 1,600 முகவரிகள் ஆகின்றன. சில பிளக்இன்கள் இவற்றையெல்லாம் சைட்மேப்பில் கொட்டிவிடும்.

ஒரு கோப்பில் 50,000 முகவரி வரை, சுருக்காத நிலையில் 50 எம்பி வரை இருக்கலாம் என்பது விதி. அது உச்சவரம்பு, எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்காக நினைக்க வேண்டாம். நேராகத் திறக்கும் பக்கங்கள், தேடலில் வர வேண்டும் என்று நீங்கள் விரும்பும் பக்கங்கள், ஒரே பொருளுக்குப் பல முகவரி இருந்தால் அவற்றில் மூலமானது என்று நீங்கள் குறித்தது ஆகியவை மட்டும் இருக்கட்டும். கார்ட், பணம் செலுத்தும் பக்கம், லாகின் எதுவும் வேண்டாம். தேடலில் சேர்க்காதே என்று சொல்லும் நோ-இண்டெக்ஸ் குறி போட்ட பக்கத்தைச் சைட்மேப்பில் சேர்த்தால், வா என்றும் வராதே என்றும் ஒரே மூச்சில் சொன்னதாகிவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு: சைட்மேப்பிலிருந்து எடுத்துவிட்டால் பக்கம் கூகுளிலிருந்து போய்விடும் என்று நினைப்பது. போகாது. வேறு லிங்க் வழியாகக் கூகுள் அதைக் கண்டுபிடிக்கும். மறைக்க வேண்டுமானால் நோ-இண்டெக்ஸ் போட வேண்டும். அந்தப் பக்கத்தை ரோபோட்ஸ் கோப்பில் தடுக்கவும் கூடாது. தடுத்தால், நோ-இண்டெக்ஸ் என்று எழுதியிருப்பதையே கூகுளால் படிக்க முடியாது.

நம்பிக்கை: விற்றுத் தீர்ந்ததை முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும்

கைத்தறியில் ஒரே ஒரு சேலை மட்டும் நெய்த டிசைன்கள் உண்டு. விற்றால் தீர்ந்தது. திரும்ப வரப்போகும் பொருளானால் பக்கத்தை அப்படியே வைத்து "இருப்பில் இல்லை" என்று போடுங்கள். வரவே வராது என்றால், பக்கம் இல்லை என்று சொல்லும் 404 அல்லது 410 குறியீட்டைக் காட்டட்டும், சைட்மேப்பிலிருந்தும் போகட்டும். உண்மையிலேயே அதற்கு ஈடான வேறு பொருள் இருந்தால் மட்டும் அங்கே திருப்பிவிடலாம். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால், இல்லாததை இருப்பதுபோல் காட்டும் பக்கம் என்று கூகுள் அவற்றைத் தள்ளிவிடும். வாங்க வந்தவரும் குழம்பிப் போவார்.

நம்பிக்கை: பிரியாரிட்டி 1.0 போட்டால் முன்னால் வரும்

பிரியாரிட்டி என்பது பக்கத்தின் முக்கியத்துவத்தைச் சொல்லச் சைட்மேப்பில் எழுதும் எண். கூகுள் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. பக்கம் எத்தனை நாளுக்கொரு முறை மாறும் என்று சொல்லும் வரியையும் பார்ப்பதில்லை. பார்ப்பது கடைசியாக மாறிய தேதியை. அதுவும் அந்தத் தேதி தொடர்ந்து உண்மையாக இருந்தால் மட்டும். விலை, வர்ணனை என்று ஏதாவது உருப்படியாக மாறினால் தேதி மாறட்டும். தினமும் எல்லாப் பக்கத்துக்கும் இன்றைய தேதியைக் குத்தினால், உங்கள் கடை சொல்லும் தேதி எதையும் கூகுள் நம்பாது.

நம்பிக்கை: தினமும் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும்

ஒரு முறை போதும். கோப்பைக் கூகுளே அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்ளும். சைட்மேப் மாறியதைத் தட்டித் தெரிவிக்கும் பழைய "பிங்" (ping) வசதியையும் நிறுத்தப்போவதாக 2023 ஜூனில் அது அறிவித்துவிட்டது. நூற்றுக்கணக்கான தேடுபொறிகளுக்கு அனுப்பித் தருகிறோம் என்று விளம்பரம் வந்தால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: தமிழில் முகவரி இருந்தால் கூகுள் படிக்காது

படிக்கும். சைட்மேப்பில் அது வேறு உருவில் தெரிவதால் பயப்படுகிறார்கள். "சேலை" என்று எழுதினால், கணினிக்கு அது நான்கு குறிகள். ஒவ்வொன்றும் மூன்று பைட். பைட் ஒன்றுக்குச் சதவீதக் குறியும் இரண்டு எழுத்துகளும் சேர்ந்து, அந்தச் சின்னச் சொல் 36 எழுத்து நீளமாகிவிடும். அது பிழையில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது லிங்க் நீளமாகத் தெரியும் என்பது ஒன்றே சங்கடம்.

ஐந்நூறு பக்கத்துக்குள் இருக்கும், பக்கங்களுக்குள் நல்ல இணைப்புள்ள தளத்துக்குச் சைட்மேப் தேவைப்படாமலும் போகலாம் என்று கூகுளே சொல்கிறது. ஆனாலும் புதுக் கடைக்கு வெளியிலிருந்து லிங்க் அதிகம் இருக்காது. அதனால் கொடுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. எந்தப் பக்கம் ஏன் சேரவில்லை என்று சைட்மேப் வாரியாகப் பிரித்துப் பார்க்கவும் முடியும்.

இன்றே உங்கள் சைட்மேப்பைப் பிரவுசரில் திறந்து, பத்து முகவரிகளைத் தட்டிப் பாருங்கள். பழைய சோதனை டொமைன் எட்டிப் பார்க்கிறதா, தீர்ந்த பொருள் கிடக்கிறதா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். சர்ச் கன்சோலை உங்கள் சொந்த ஜிமெயிலில் திறந்து வையுங்கள். கடையைக் கட்டிக்கொடுத்தவரின் கணக்கில் மட்டும் விட்டுவைக்காதீர்கள்.