சிங்க் அடைப்பு: ஊற்றினால் போகுமா?

"ஆப்பச்சோடா போட்டு வினிகர் ஊற்று, அடைப்பு ஓடிவிடும்."

நுரை பொங்குவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒன்று காரம், மற்றது அமிலம். சேர்ந்ததும் ஒன்றின் வீரியத்தை மற்றொன்று முறித்துவிடுகிறது. கரியமில வாயு மேலே கிளம்பிப் போக, மிஞ்சுவது கொஞ்சம் உப்பு கரைந்த தண்ணீர். உறைந்த எண்ணெய்ப் பிசுக்கு அதற்கு அசையாது. குளியலறைக் குழாயில் சுருண்டு கிடக்கும் முடியோ அதைச் சட்டை செய்வதே இல்லை.

"அப்பளம் பொரித்த எண்ணெயைச் சோப்பும் வெந்நீரும் கரைத்துவிடும்."

சிங்க்கை விட்டுப் போகும், அவ்வளவுதான். சற்றுத் தள்ளி ஆறியதும் குழாயின் சுவரில் படியும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் இன்னும் மோசம். அதிலுள்ள கால்சியம் கொழுப்பமிலத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒருவகைச் சோப்பாக இறுகுகிறது. 2017இல் லண்டன் வைட்சேப்பல் பகுதியின் சாக்கடையில் அகப்பட்டதே, சுமார் 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையுமான கொழுப்புப் பாளம், அதில் ஈரத்துடைப்பான்களோடு இந்தச் சமையலறைக் கொழுப்பும் சேர்ந்திருந்தது. ஆறிய எண்ணெயைப் பழைய பால் கவரில் ஊற்றிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். வாணலியைக் கழுவுமுன் செய்தித்தாளால் ஒரு துடை துடையுங்கள்.

கொதிக்கக் கொதிக்க வடிகஞ்சியைக் கொட்டுவதும் வேண்டாம். சாதாரண பிவிசி குழாய் 60 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டுக்கானதல்ல, இணைப்புகள் விட்டுப்போகும்.

"எதற்கும் அசையாவிட்டால் ஆசிட் இருக்கிறதே."

இதுதான் எனக்குப் பயம். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அடைத்த குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. கடையில் விற்கும் காஸ்டிக் தூள் கொழுப்பை அரிக்கும், உண்மைதான். ஆனால் அடைப்பு விடாவிட்டால் குழாய் நிறையக் காரத் தண்ணீர் தேங்கி நிற்கும். பிளம்பரிடம் சொல்லாமல் விட்டால் அது தெறிப்பது அவர் கண்ணிலும் கையிலும்.

ஊற்றுவதை விட்டு, எடுக்கப் பாருங்கள். ரப்பர் பம்ப்பின் வாய் மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, சிங்க்கின் இன்னொரு துளையை ஈரத்துணியால் அடைத்துவிட்டு அழுத்தி இழுங்கள். மசியாவிட்டால் கீழே வாளியை வைத்து, சிங்க்கின் அடியிலுள்ள குப்பி போன்ற பாட்டில் ட்ராப்பைக் கழற்றுங்கள். பெரும்பாலும் கையாலேயே திருகலாம். குளியலறையில் சல்லடையைத் தூக்கி, நுனி வளைத்த கம்பியால் முடியை இழுத்தால் போதும்.

சிங்க்கிலும் குளியலறையிலும் ஒரேசமயம் தண்ணீர் எதிர்த்து வந்தால் கோளாறு வெளியே, சேம்பரிலோ தெருக்குழாயிலோ. அதற்கு ஆளை இறக்காதீர்கள். கழிவை மனிதர் கையால் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டு இந்தியச் சட்டப்படி அது குற்றம். இயந்திரத்தைத்தான் வரவழைக்க வேண்டும்.